வாய்க்காலில் ஓடும் புரதம்

பினாங்கில் ‘சிப்’ என்று சொன்னால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்துக்கு இன்டெல் வந்ததிலிருந்து அது இந்தத் தீவின் வீட்டுச் சொல். அந்த ஆண்டுகளில் வந்த ஹியூலெட் பேக்கார்ட், ஏஎம்டி, போஷ், ஹிட்டாச்சி முதலிய எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்வதுண்டு. ஷிஃப்ட் முடிந்து பேக்டரி பஸ்சில் வீடு திரும்பிய அக்காமார்களின் கண்ணில் பட்ட சிப்புகளுக்குக் கணக்கே கிடையாது.

நான் சொல்ல வந்தது வேறொரு சிப். அதில் மின்சாரத்தோடு தண்ணீரும் ஓடும். குழப்பம் வராமலிருக்க இதைச் சில்லு என்றே அழைக்கிறேன். பேக்டரியில் செய்வது சிப். ஆய்வுக்கூட மேசையில் இருப்பது சில்லு. தபால்தலை அளவுக் கண்ணாடி. அதில் தலைமுடியை விட மெல்லிய வாய்க்கால்கள். வாய்க்கால்களின் முனைகளில் சொட்டு விடுவதற்குச் சிறு கிணறுகள். ரத்தத்திலோ மருந்துக் கரைசலிலோ கலந்திருக்கும் புரதங்களை இதற்குள் ஓடவிட்டுப் பிரிக்கலாம், அளக்கலாம், ஓரளவு சுத்தமும் செய்யலாம். ‘சில்லில் ஓர் ஆய்வுக்கூடம்’ என்று இதற்குப் பெயர். பெயர் கொஞ்சம் மிகை. அது ஏன் மிகை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் புரதத்தை எதற்காகப் பிரிக்க வேண்டும்? ரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் உண்டு. எடையில் பாதிக்கு மேல் ஆல்புமின் என்ற ஒன்றே அடைத்துக்கொள்கிறது. மருத்துவர் தேடுவது பெரும்பாலும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுவது போன்ற வேலை. கூட்டத்தை வரிசைப்படுத்தினால்தான் பிள்ளை கண்ணில் படும்.

வரிசைப்படுத்தும் வழியைக் காட்டியவர் சுவீடனின் ஆர்னே டிசேலியஸ். புரதங்களுக்கு மின்னேற்றம் உண்டு. கரைசலில் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் நகரும். எலெக்ட்ரோஃபோரேசிஸ் என்பது இதுதான். 1937-இல் அவர் இதற்காக வடிவமைத்த கருவி ஓர் அறையை அடைத்தது. அதற்காகவும் பிற ஆய்வுகளுக்காகவும் 1948-இல் நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டே லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும் அதே முறையில், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவரின் ஹீமோகுளோபினும் மற்றவர்களுடையதும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார்கள். ஒரு நோய்க்குக் காரணம் ஒரு புரதத்தின் குறைபாடு என்று உலகம் அறிந்தது அப்போதுதான். தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு: இந்தியாவில் அரிவாள் செல் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-இல் முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடையே.

அறையை அடைத்த கருவி மெல்ல மேசைக்கு வந்தது. 1970-இல் லெம்லி வெளியிட்ட முறையை இன்றும் உயிரியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் கற்கிறார். கூழ் போன்ற ஜெல்லை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஊற்றி உறைய வைக்க வேண்டும். புரதக் கரைசலை அதன் தலையில் விட்டு மின்சாரம் கொடுத்து ஒரு மணி, ஒன்றரை மணி காத்திருக்க வேண்டும். பிறகு நீலச் சாயத்தில் ஊறவைத்து, மிச்சச் சாயம் போகக் கழுவ வேண்டும். பல கூடங்களில் இந்தக் கழுவல் இரவு முழுக்க நடக்கும். அந்தச் சாயத்தின் பெயர் கூமாசி. கானா நாட்டிலுள்ள குமாசி நகரத்தின் பெயர் அது. கம்பளி நூலுக்குச் சாயமேற்றப் பிறந்தது, புரதத்துக்கு வேலை செய்ய வந்துவிட்டது. மறுநாள் காலையில் ஜெல்லில் நீலக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஓர் எடை.

இந்த ஒரு நாள் வேலையைச் சில்லு அரை மணி நேரத்தில் முடிக்கிறது, பத்து மாதிரிகளுக்கும் சேர்த்து. அது எப்படி என்பதுதான் சுவையான பகுதி.

மறுபடியும் தைப்பூசம். லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுவிட்டது; தண்ணீர்மலைப் பாதையில் கூட்டம் நெருக்கியடிக்கிறது. பால்குடம் ஏந்திய சிறுமி இடுக்குகளில் புகுந்து முன்னே போய்விடுகிறாள். அலகு குத்தி அகலமான காவடி சுமப்பவர் ஒவ்வோர் அடிக்கும் வழி விடச் சொல்லிப் போக வேண்டியிருக்கிறது. போக வேண்டும் என்ற வேகம் இருவருக்கும் ஒன்றுதான். கூட்டம்தான் அவர்களைப் பிரிக்கிறது. சில்லின் வாய்க்காலில் அந்தக் கூட்டத்தின் வேலையைச் செய்வது பாலிமர் கரைசல், அதாவது நூல்போன்ற மூலக்கூறுகள் பின்னிக் கிடக்கும் குழம்பு. சிறிய புரதம் முந்தும், பெரியது பிந்தும்.

ஆனால் எல்லோருக்கும் வேகம் ஒன்று என்றேனே, புரதங்களில் அது தானாக அமையாது. சிலவற்றுக்கு எதிர் மின்னேற்றம், சிலவற்றுக்கு நேர் மின்னேற்றம்; சில பந்துபோல் சுருண்டவை, சில குச்சிபோல் நீண்டவை. இந்த வேறுபாடுகளை அழிக்க எஸ்.டி.எஸ். என்ற பொருளைக் கலந்து சூடாக்குவார்கள். ஷாம்பூ போத்தலின் பின்பக்கம் சோடியம் லாரில் சல்ஃபேட் என்று போட்டிருக்குமே, அதேதான். அது புரதத்தின் சுருளை அவிழ்த்து, நீளம் முழுக்க ஒட்டிக்கொண்டு, எடைக்கு ஏற்ற எதிர் மின்னேற்றத்தைக் கொடுத்துவிடும். பிறகு புரதங்களுக்கிடையே இருக்கும் ஒரே வேறுபாடு அளவு. மூலக்கூறு எடையைச் சொல்லும் கிலோடால்டன் அலகில் இன்சுலின் 5.8, ஆல்புமின் ஏறக்குறைய 66, நோயை எதிர்க்கும் ஆன்டிபாடி 150, அதன் இணைப்புகளை வெட்டிவிட்டால் 50-ம் 25-மாக இரண்டு வகைத் துண்டுகள். மருந்துக் கம்பெனிக்காரர் ஆன்டிபாடி மருந்தைச் சில்லில் விட்டு இந்த எண்களை எதிர்பார்ப்பார். கருவி வரையும் கோட்டில் வேறொரு இடத்தில் ஒரு மேடு தெரிந்தால் மருந்து எங்கோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வாய்க்காலின் தொடக்கத்தில் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்ததும் அதுதான். இரண்டு வாய்க்கால்கள் சிலுவை வடிவில் குறுக்கிடுகின்றன, இரண்டு தெருக்கள் சந்திக்கிற மாதிரி. முதலில் குறுக்குத் தெருவில் மட்டும் மின்னழுத்தம் கொடுத்து, புரதக் கரைசலைச் சந்தியைத் தாண்டி ஓடவிடுகிறார்கள். சந்தி நிரம்பியதும் மின்னழுத்தத்தை நேர்த் தெருவுக்கு மாற்றுகிறார்கள். அந்தக் கணத்தில் சந்திக்குள் நின்ற துளி மட்டும் நேர்த் தெருவில் புறப்படும், மற்றதெல்லாம் பின்வாங்கும். 50 மைக்ரோமீட்டர் அகலமும் 10 மைக்ரோமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால்கள் என்றால் அந்தத் துளி 25 பிக்கோலிட்டர். ஒரு மைக்ரோலிட்டரை நாற்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு. பம்பு கிடையாது, வால்வு கிடையாது, நகரும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே சிக்னல் விளக்கு வேலை. வாய்க்காலின் கடைசியில் லேசர் ஒளி விழுகிறது. புரதத்தோடு ஒட்டிய சாயம் அதைக் கடக்கும்போது மினுங்கும். எப்போது மினுங்கியது என்பது அளவைச் சொல்லும், எவ்வளவு மினுங்கியது என்பது புரதம் எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லும்.

ஜெல்லுக்கு ஒரு நாள், சில்லுக்கு அரை மணி. நீளம் குறைந்தால் நேரமும் குறையும் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி வெப்பத்தில் இருக்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஓட்டம் வேகமாகும். ஆனால் திரவம் சூடாகிக் கலங்கிவிடும். அகலமான ஜெல்லில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. மெல்லிய வாய்க்காலில் திரவத்துக்குச் சுவர் எப்போதும் பக்கத்திலேயே இருப்பதால் சூடு உடனே கண்ணாடிக்குள் போய்விடும். தைரியமாக மின்னழுத்தத்தை ஏற்றலாம்.

இன்னொரு காரணம், தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள விசித்திரமான கணக்கு. தண்ணீரில் ஒரு புரதம் யாரும் தள்ளாமல் தானாகவே அலைந்து பரவும். 50 மைக்ரோமீட்டர் பரவ நடுத்தரப் புரதம் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு விநாடி போதும். ஒரு மில்லிமீட்டர் பரவ ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஐந்தாறு நாள்! தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகிறது. கோப்பையில் நடக்கும் வேதியியல் மந்தமாக இருப்பதும், வாய்க்காலில் நடப்பது மின்னலாக இருப்பதும் இதனால்தான். இதில் ஒரு வினோதமும் உண்டு. தே தாரிக் ஆற்றுவதுபோல் இந்த வாய்க்காலில் எதையும் ஆற்றிக் கலக்க முடியாது. அந்த அளவில் தண்ணீர் தேன்போல் நடந்துகொள்ளும். இரண்டு ஓடைகள் சேர்ந்தாலும் சுழல் எழாது, பக்கம் பக்கமாகவே ஓடும். பரவிக் கலந்தால்தான் உண்டு. அந்த ஐம்பது மைக்ரோமீட்டரில் அது விரைவாக நடந்துவிடுவது நம் அதிர்ஷ்டம்.

இந்த யோசனைக்கு வயது அதிகமில்லை. 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் டெர்ரி சிலிக்கன் தகட்டில் வாயுக்களைப் பிரிக்கும் கருவியைச் செதுக்கினார். 1990-இல் பாசலில் சிபா-கைகி நிறுவனத்தில் இருந்த ஆண்ட்ரியாஸ் மான்ஸும் அவருடைய கூட்டாளிகளும் முழு வேதிப் பகுப்பாய்வையும் ஒரு சில்லுக்குள் கொண்டுவரலாம் என்று எழுதினார்கள். 1999-இல் கேலிப்பர் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 2100 பயோஅனலைசர் என்ற கருவி சந்தைக்கு வந்தது. விற்றது ஏஜிலென்ட், அதாவது பாயான் லெப்பாசின் எட்டு சாமுராய்களில் ஒன்றான ஹியூலெட் பேக்கார்டிலிருந்து அதே ஆண்டில் பிரிந்த நிறுவனம். அந்த ஏஜிலென்டின் ஆய்வுக்கூடக் கருவித் தொழிற்சாலை ஒன்று இன்றும் பினாங்கில் இருக்கிறது. கண்ணாடியில் வாய்க்கால் வெட்டுவது வேற்றுக் கலையும் அல்ல. ஒளியால் வடிவம் வரைந்து, அமிலத்தால் அரித்தெடுப்பது. சிப் செய்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை.

இனி சுத்திகரிப்பு. பிரித்துப் பார்ப்பது வேறு, சுத்தமாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது வேறு. மேசையில் இதற்கு ஒரு குழாய், அதில் நிரப்பிய மணிகள். பாக்டீரியாவில் வளர்க்கும் புரதத்துக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறை வாலாகச் சேர்த்துவிடுவார்கள். நிக்கல் பூசிய மணி அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். மற்ற புரதங்களையெல்லாம் கழுவி விட்டபின் இமிடசோல் என்ற பொருளை ஊற்றினால் மணி பிடியை விடும். ஆன்டிபாடிக்கு வேறு கொக்கி: ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த ‘புரதம் ஏ’. அது ஆன்டிபாடியின் அடித்தண்டைப் பிடிக்கும். அமிலத்தன்மையைக் கூட்டினால் விடும். சில்லில் இதே மணிகள் ஓர் அறைக்குள் அடைக்கப்பட்டிருக்கும், அல்லது காந்த மணிகளாக இருந்து, அடியில் வைத்த காந்தம் அவற்றைப் பிடித்திருக்கும். கழுவுவதும் விடுவிப்பதும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

ஆனால் கிடைப்பது மைக்ரோகிராம், பல நேரங்களில் அதற்கும் கீழே. பார்க்கப் போதும், பருகப் போதாது. சில்லில் மருந்து தயாரிக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை நான் நம்புவதில்லை. ஐம்பது விதமாகப் புரதத்தை வளர்த்துப் பார்த்து எது நன்றாக வந்திருக்கிறது என்று சீக்கிரம் தெரிந்துகொள்ளச் சில்லு உதவும். பிறகு பெரிய குழாயும் பெரிய தொட்டியும்தான்.

சில்லின் சங்கடங்களைப் பற்றி அதை விற்பவர்கள் குறைவாகவே பேசுவார்கள். முதல் சங்கடம் சுவர். பெரிய சட்டியில் ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றினால் பாதி சட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும் அல்லவா? சில்லில் நிலைமை அதைவிட மோசம். திரவத்தின் அளவுக்குச் சுவர்ப் பரப்பு மிக அதிகம். புரதத்துக்கோ எதிலும் ஒட்டிக்கொள்ளும் குணம். பல்கலைக்கழகங்களில் சில்லு செய்யப் பயன்படுத்தும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் மலிவானது, வார்க்கச் சுலபமானது, ஆனால் தண்ணீரை ஒதுக்கிப் புரதத்தை ஈர்ப்பது. ஆகவே சுவருக்கு முன்கூட்டியே வேறொரு பூச்சுப் போட வேண்டும்.

இரண்டாவது சங்கடம் எண்ணிக்கை. மாரடைப்பைக் கண்டுபிடிக்க அளக்கும் டிரோபோனின் டி என்ற புரதம், லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த அளவில் ஒரு நானோலிட்டர் ரத்தநீரில் இருக்கக்கூடியவை சில நூறு மூலக்கூறுகள்தான். இன்னும் அரிதான புரதம் என்றால் அந்தத் துளியில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இல்லாததை எந்தக் கருவியும் எண்ணாது. விரல் நுனிச் சொட்டில் நூற்றுக்கணக்கான சோதனை என்று சொல்லிப் பணம் திரட்டிய தெரானோஸ் கதையும், அதன் நிறுவனர் 2022-இல் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அங்கே நடந்தது மோசடி. ஆனால் இந்த மூலக்கூறுக் கணக்கை முதல் நாளே யாராவது ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது, எல்லோரும் விட்டுவிடும் இடம்: சொட்டு சில்லுக்குள் போவதற்கு முந்தைய வேலை. ரத்தத்திலிருந்து செல்களைப் பிரிக்க வேண்டும், எஸ்.டி.எஸ். கலந்து சூடாக்க வேண்டும், பிப்பெட்டால் சில மைக்ரோலிட்டர் அளந்து கிணற்றில் விட வேண்டும். அப்படி விடும்போது ஒரு குமிழி மாட்டிக்கொண்டால் அந்த ஓட்டம் போயிற்று. இவையெல்லாம் மேசையில், மனிதக் கையால், வழக்கமான கருவிகளோடு நடப்பவை. சில்லில் ஆய்வுக்கூடம் என்ற பெயர் மிகை என்றது இதனால்தான். நடப்பில் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சில்லு.

அந்த முந்தைய வேலையையே நீக்கிவிட்ட ஒரு சில்லு நம் எல்லோர் வீட்டுக்கும் வந்திருக்கிறது, அதற்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக் கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்தோமே, அந்தப் பட்டை. காகிதம்தான் அங்கே வாய்க்கால். பம்புக்குப் பதில், காகிதம் தண்ணீரை உறிஞ்சும் குணம். கோட்டில் காத்திருக்கும் ஆன்டிபாடிகள் வைரசின் புரதத்தைப் பிடிக்கின்றன. பிரிப்பதும் பிடிப்பதும் கால் மணி நேரத்தில் முடியும்.

இந்த வகைச் சோதனையில் நம் யுஎஸ்எம்முக்கு, 1969-இல் பினாங்கில் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு, பழைய உரிமை உண்டு. அதன் கிளந்தான் மருத்துவ வளாகத்தில் 1990-களில் பேராசிரியர் அஸ்மா இஸ்மாயில் குழு உருவாக்கிய டைஃபிடாட் என்ற டைஃபாய்டு சோதனை, பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள 50 கிலோடால்டன் புரதம் ஒன்றை நம்பியது. அந்தப் புரதத்தைப் பட்டையில் பதித்து, நோயாளியின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். பேராசிரியர் ரஹ்மா நூர்டின் குழுவின் யானைக்கால் நோய்ச் சோதனையும் இதே வழிதான். ஒட்டுண்ணியின் புரதத்தை பாக்டீரியாவில் வளர்த்து, சுத்தம் செய்து பட்டையில் பதிப்பது. பட்டை எளிமையாகத் தெரியும். அதன் பின்னால் ஒரு சுத்தமான புரதம் நிற்கிறது.

மலேசியாவுக்கு இன்னொரு நேரடித் தேவை, தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயைக் கண்டறிவது. இங்கே ஹீமோகுளோபின் ஈ என்ற வகை பரவலாக உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 26-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்து உட்காருகிறது; எதிர் மின்னேற்றம் போய் நேர் மின்னேற்றம் வருகிறது. அந்த ஒரு மாற்றமே மின்விசையில் அதைப் பிந்தச் செய்யப் போதும். தனியாக இருந்தால் பெரிதாகத் தொல்லை தராது. பீட்டா தலசீமியாவோடு சேர்ந்து ஒரு பிள்ளைக்கு வந்தால் வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற நேரலாம். ஆகவே முன்கூட்டியே அறிவது முக்கியம். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் உமுத் குர்கான் குழு உருவாக்கிய ஹீம்சிப், பாலிங் பார்த்த அதே நகர்வை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் செல்லுலோஸ் அசிட்டேட் காகிதத்தில் சில நிமிடங்களில் காட்டுகிறது. குறையும் உண்டு: ஹீமோகுளோபின் ஈ-யும் சி-யும் ஏ2-வும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். சந்தேகம் வந்தால் பெரிய கருவிக்குத்தான் போக வேண்டும். முதல் வடிகட்டலுக்கு இது போதும் என்பது என் எண்ணம்.

கடைசியாகப் பாயான் லெப்பாஸ். பினாங்கின் உண்மையான கைத்திறன் சிலிக்கனைச் செதுக்குவதை விட, வேறெங்கோ செதுக்கி வந்த சிலிக்கனைக் கம்பியிட்டு, உறையிட்டு, சோதித்து அனுப்புவது. இதைச் சற்றுத் தாழ்வாகப் பேசுபவர்கள் உண்டு. சில்லு உலகத்தில் அந்த ஏளனம் செல்லாது. வாய்க்கால் வெட்டுவது சுலபமான பாதி. மூடியை ஒழுகாமல் ஒட்டுவது, கிணறுகளைப் பொருத்துவது, சோதனைக்கான வேதிப்பொருளைக் காயவைத்து உள்ளே வைப்பது, கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் கெடாமல் அடைப்பது ஆகியவற்றில்தான் செலவும் தோல்வியும் குவிகின்றன. பிளாஸ்டிக்கை நுணுக்கமாக வார்க்கத் தெரிந்தவர்களும் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள், பி. பிரவுன் 1972 முதல் இங்கே மருத்துவப் பொருள் செய்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் பாயான் லெப்பாஸ்காரர்கள் புதிதாகப் பழக வேண்டும். சிப்பை ஒவ்வொன்றாக ஊசிமுனைகளால் தொட்டு, மின்சாரம் கொடுத்து, நல்லது கெட்டது பிரித்து அனுப்பலாம். தொட்டதால் அது கெடாது. வாய்க்கால் உள்ள சில்லு ஒருமுறைதான் நனையும். ஒழுகுகிறதா என்று தண்ணீர் விட்டுப் பார்த்த சில்லை யாருக்கும் விற்க முடியாது. நூற்றில் சிலவற்றை நனைத்துப் பார்த்து, மீதியை நனைக்காமலே பெட்டியில் போட வேண்டும்.